மைக்ரோஸ்கோப்புக்கு முன் ஓர் அளவு நாடா

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் நாற்பது குடும்பம் சேர்ந்து சங்கமாக இருக்கிறோம். ஊரில் ஒரு குழந்தைக்குத் தலையில் நீர் கோத்து, பதினோராவது மாதத்தில்தான் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தது, பார்வை போய்விட்டது. இனி இப்படி நடக்கக் கூடாது என்று 60,000 வெள்ளி திரட்டியிருக்கிறோம். அங்குள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்கு மூளை அறுவைக்கான மைக்ரோஸ்கோப் வாங்கிக் கொடுத்து, ஆண்டுக்கு ஒரு வாரம் இங்கிருந்து இரண்டு மருத்துவர்களை அனுப்பி முகாம் நடத்தத் திட்டம். பணம் போதுமா, எந்த மாடல் வாங்கலாம், பணத்தை எப்படி அனுப்புவது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்:

வணக்கம். கேட்ட வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் போதாது. எந்த மாடலும் வேண்டாம். அனுப்புவதற்கு இரண்டு நாட்டுச் சட்டங்களையும் பார்க்க வேண்டும். ஆனால் அதே 60,000 வெள்ளியை வேறு விதமாகச் செலவழித்தால், உங்கள் வட்டாரத்தில் இன்னொரு குழந்தை பதினோரு மாதம் காத்திருக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். எப்படி என்று விளக்குகிறேன்.

மூளை அறுவைக்கான தரமான புதிய மைக்ரோஸ்கோப் சில லட்சம் வெள்ளி ஆகும். விலையை விடுங்கள். தலையில் நீர் கோத்த குழந்தைக்குச் செய்யும் இரண்டு அறுவைகளுக்கும் அந்தக் கருவி தேவையே இல்லை. மூளைக்குள் நீர் இருக்கும் அறையிலிருந்து தோலுக்கு அடியில் வயிறு வரை குழாய் இறக்கும் ஷன்ட் அறுவையை வெறும் கண்ணால், அல்லது லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்துவிடுவார்கள். மூன்றாவது மூளை அறையின் தரையில் ஒரு துளை போட்டு நீருக்கு உள்ளேயே வழி விடும் ஈடிவி அறுவைக்கு வேண்டியது எண்டோஸ்கோப், அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழல். மைக்ரோஸ்கோப் முக்கியமாகக் கட்டிகளுக்கு. குழந்தையின் மூளைக் கட்டியைச் சிறு மருத்துவமனையில் தொடவே கூடாது. அதற்கு இரத்த வங்கி, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு, திசுவைப் பார்த்துச் சொல்லும் நோய்க்குறியியல் நிபுணர், கதிர்வீச்சுப் பிரிவு எல்லாம் ஒரே பாதையில் இருக்க வேண்டும். மெடுலோபிளாஸ்டோமா என்ற கட்டியை எவ்வளவு அழகாக எடுத்தாலும், வயது இடம் கொடுத்தால் பொதுவாக 4 முதல் 6 வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். அது தள்ளிப்போனால் அறுவையின் பலன் கைநழுவும்.

பயன்படுத்திய கருவியை இங்கிருந்து மலிவாக வாங்கி அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பழைய மருத்துவக் கருவிகளை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடுகள் கடுமை. அதைத் தாண்டினாலும் மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓராண்டில் போர்டு எரியும், பல்பு கிடைக்காது, பழுது பார்க்க ஆள் சென்னையிலிருந்து வர வேண்டும். வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஓடாமல் கிடப்பதாக 2011ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். மயிலாடுதுறை பிரிந்த பிறகு நாகை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 7 லட்சம். ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரசவத்துக்குப் பக்கம் நடக்கும். தலையில் நீர் கோப்பது தோராயமாக ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு. ஆக, ஆண்டுக்குப் பத்துக் குழந்தை. மாதம் ஒன்றுகூட இல்லாத அறுவையில் எந்த மருத்துவருக்கும் கை பழகாது. மயக்க மருந்து கொடுப்பவருக்கும் தாதிக்கும் அதே கதைதான். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அறுவை நடக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் இந்த எண்ணிக்கையில் அது குழந்தைக்கு நல்லதல்ல. சுமார் நூறு கிலோமீட்டரில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே நரம்பியல் அறுவைப் பிரிவு இருக்கிறது. நீங்கள் துணை நிற்க வேண்டிய இடம் அதுதான்.

உங்கள் ஊர்க் குழந்தையின் பதினோரு மாதம் எங்கே போனது? கடிதத்தில் அந்த விவரம் இல்லை. வழக்கமாகப் போகும் இடம் தெரியும். இந்தியத் தடுப்பூசி அட்டவணையில் பிறந்தவுடன், 6, 10, 14வது வாரங்களில் ஊசி. அடுத்தது 9வது மாதம். நடுவில் ஐந்தரை மாதம் குழந்தையை ஊசிக்காக யாரும் பார்ப்பதில்லை. நீர் கோத்த தலை பெரிதாகிக்கொண்டே போகும் காலம் அதேதான். குழந்தையின் மண்டையோடு இன்னும் ஒட்டாததால் நீர் கூடக் கூட எலும்பு விலகி இடம் கொடுக்கும். குழந்தை சிரிக்கும், பால் குடிக்கும். பாட்டி "தலை பெரிசா இருந்தா புத்திசாலி" என்பார். உள்ளே கண் நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கும். அது வெளுத்துப்போன பிறகு நீரை வடித்தாலும் பார்வை திரும்பாது.

இதைப் பிடிக்க ஸ்கேன் வேண்டாம், நாடா போதும். தையல்காரர் நாடா வேண்டாம், துணி இழுபடும். இழுபடாத பிளாஸ்டிக் நாடா, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள். முன்பக்கம் புருவத்துக்குச் சற்று மேலே, பின்பக்கம் தலை அதிகம் துருத்தும் இடத்தில், காதைச் சேர்க்காமல் சுற்ற வேண்டும். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எழுத வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஆண் குழந்தையின் சராசரித் தலைச் சுற்றளவு பிறக்கும்போது 34.5 சென்டிமீட்டர், மூன்று மாதத்தில் 40.5, ஆறு மாதத்தில் 43.3, ஓராண்டில் 46.1. பெண் குழந்தைக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைவு. ஒற்றை அளவை வைத்துப் பயப்படக் கூடாது. அப்பாவுக்கே தலை பெரிதாக இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும், அவர் தலையையும் அளந்து பாருங்கள். கவனிக்க வேண்டியது வளர்ச்சி வரைபடத்தில் கோடு தாண்டுவதை. போன மாதம் நடுக் கோட்டில் இருந்த குழந்தை இந்த மாதம் இரண்டு கோடு மேலே ஏறியிருந்தால், அல்லது மூன்று மாதத்துக்குப் பிறகும் மாதம் 2 சென்டிமீட்டர் வளர்ந்தால், உடனே அனுப்ப வேண்டும். உச்சிக்குழி புடைத்து இறுகியிருப்பது, தலைத்தோலில் இரத்த நாளம் புடைத்துத் தெரிவது, கருவிழி கீழே இறங்கி மேல்வெள்ளை தெரிவது, காரணமில்லாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த மாத அளவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

யார் அளப்பது? புதிதாக ஆள் வேண்டாம். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போடுகிறார்கள், அதே நாளில் தலையையும் அளக்கலாம். கிராம சுகாதார செவிலியருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் அரை நாள் பயிற்சி, ஆளுக்கு இரண்டு நாடா, தாய் சேய் அட்டையில் ஒட்ட ஒரு வரைபடத்தாள். இதற்கு மாவட்டச் சுகாதார அலுவலரின் ஒப்புதல் வேண்டும், அங்கன்வாடிக்குத் தனித் துறை என்பதால் அவர்களிடமும் தனியாக எழுத வேண்டும். ஊழியர்கள் மறுப்பது அபூர்வம். பயிற்சி முடிந்து ஆறு மாதத்தில் மறந்துவிடுவதுதான் நடக்கும். அதனால் முதல் பயிற்சிக்குப் பிறகு நான்கு மாதத்துக்கு ஒரு முறை பத்து அட்டைகளை எடுத்துப் பார்த்து, கோடு போடப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க ஆள் வேண்டும்.

இங்கே உங்களில் யாராவது "சின்ன ஸ்கேன் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தால்?" என்று கேட்பார்கள். உச்சிக்குழி திறந்திருக்கும் வரை அல்ட்ராசவுண்ட் நல்ல கருவிதான். கதிர்வீச்சு இல்லை, குழந்தையை மயக்க வேண்டாம், மூளை அறை விரிந்திருப்பது ஐந்து நிமிடத்தில் தெரியும். ஆனால் இந்தியாவில் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பதிவு பெற்ற இடத்துக்குத்தான் எந்த அல்ட்ராசவுண்ட் கருவியையும் விற்கலாம், கொடுக்கலாம். கையடக்கமானதும் அதில் அடக்கம். நல்ல எண்ணத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுத்துவிட்டு வழக்கில் மாட்டாதீர்கள். 2022ல் தொடங்கிய நாகை அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தையை ஸ்கேனுக்குச் சேர்ப்பதே சுருக்கமான வழி.

அடுத்து, அனுப்பிய குழந்தை போய்ச் சேருவது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்குத் தஞ்சாவூர் என்பது ஒரு நாள் கூலி, இரண்டு பேருக்குப் பேருந்து, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்ற மூன்று கேள்வி. அறுவைச் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் என்று தாள்கள் தயாராக இல்லாமல் மூன்று நாள் அலைந்து திரும்பிவிடுகிறார்கள். உங்கள் பணத்தில் மிக மதிப்புள்ள செலவு இந்த இடத்தில் ஓர் ஆள். தாதிப் படிப்பு படித்தவராகவோ சமூகப் பணியாளராகவோ இருக்கலாம். கைப்பேசியும் இரு சக்கர வண்டியும் வேண்டும். நாடாவில் சந்தேகம் வந்த நாளிலிருந்து அறுவைக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை அந்தக் குடும்பம் அவர் பொறுப்பு. மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்றால் மூன்று ஆண்டுக்கு 9 லட்சம். குடும்பத்துக்கு ஒரு பயணத்துக்கு 5,000 ரூபாய், முதல் ஆண்டில் ஆறு பயணம், பத்துக் குழந்தை என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். பழைய குழந்தைகளும் தொடர்வதால் மூன்று ஆண்டுக்கு 12 லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொகை ரூபாயில் 40 லட்சத்துக்குப் பக்கம். பாதி இதில் போய்விடும், போகட்டும்.

அறுவை பற்றி உங்களுக்கு இவ்வளவு தெரிந்திருந்தால் மருத்துவர்களிடம் பேசும்போது உதவும். கொடையாளிகள் பெரும்பாலும் "நல்ல வெளிநாட்டு ஷன்ட்" வாங்கித் தர விரும்புவார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்டையும் காட்மன் ஹக்கீம் ஷன்டையும் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து, 2005ல் முடிவை வெளியிட்டார்கள். அப்போது முதலாவது 35 அமெரிக்க டாலர், இரண்டாவது 650. ஓராண்டு முடிவில் பலனில் வேறுபாடு இல்லை. கூடுதல் காசு கொடுக்கத் தகுந்தது ஒன்று உண்டு: கிருமிக்கொல்லி மருந்து ஊறிய குழாய். பிரிட்டன், அயர்லாந்தில் 1,600க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2019ல் வெளியான ஆய்வில், சாதாரணக் குழாயில் 6 விழுக்காட்டினருக்குக் கிருமி தொற்றியது, மருந்துக் குழாயில் 2 விழுக்காட்டினருக்கு. ஆனால் அதற்கும் முன்னால் காசில்லாத ஒழுங்கு இருக்கிறது. வட அமெரிக்காவின் நான்கு மையங்கள் ஒரே அறுவை நெறிமுறையைக் கடைப்பிடித்ததில் தொற்று 8.8லிருந்து 5.7 விழுக்காட்டுக்கு இறங்கியது. வெட்டுவதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து, இரட்டைக் கையுறை, அறைக் கதவைத் திறந்து மூடாமல் இருப்பது மாதிரியான கட்டுப்பாடுகள். ஷன்ட் உறையைக் கடைசி நிமிடத்தில் பிரிப்பது, குழந்தையை அன்றைய முதல் அறுவையாக எடுப்பது ஆகியவையும் பல மையங்களில் வழக்கம்.

உகாண்டாவின் ம்பாலே நகரில் கியூர் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப் வளர்த்தெடுத்த வழி வேறு. எண்டோஸ்கோப் வழியே ஈடிவி செய்து, கூடவே நீரைச் சுரக்கும் திசுவையும் சுட்டுவிடுவது. குழாயே இல்லை, ஆகவே குழாய் அடைக்காது. 100 குழந்தைகளை வைத்து அங்கே நடந்து 2017ல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் இரண்டு முறைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஈடிவி தோற்றது 35 விழுக்காடு, ஷன்ட் தோற்றது 24. ஆகவே இது எல்லாருக்கும் பொருந்தாது. பொருந்துமா என்று முன்கூட்டியே சொல்ல மதிப்பெண் முறை இருக்கிறது. வயது ஒரு மாதத்துக்குள் 0, ஆறு மாதத்துக்குள் 10, ஓராண்டுக்குள் 30, பத்து வயதுக்குள் 40, அதற்கு மேல் 50. காரணம் கிருமித் தொற்று என்றால் 0, முதுகுத்தண்டுப் பிளவு அல்லது மூளை இரத்தக் கசிவு என்றால் 20, நீர்ப்பாதை அடைப்பு என்றால் 30. முன்பு ஷன்ட் வைக்கவில்லை என்றால் இன்னும் 10. கூட்டி வருவது ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு, நூற்றுக்கு இத்தனை. மூளைக்காய்ச்சலுக்குப் பின் நீர் கோத்த ஐந்து மாதக் குழந்தைக்கு 20 வரும். நீர்ப்பாதை அடைப்புள்ள பதினான்கு மாதக் குழந்தைக்கு 80. திசுவைச் சுடாத ஈடிவிக்கான மதிப்பெண் இது. சிறு குழந்தைகளுக்குச் சுடுவதும் சேர்ந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும்.

ஈடிவி செய்த குடும்பத்திடம் "குழாய் இல்லை, கவலை இல்லை" என்று சொல்லி அனுப்புவது பெரிய தவறு. துளை அடைபடுவது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில். சில வேளை பல ஆண்டு கழித்து, திடீரென்று.

ஷன்ட் வைத்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு முதல் ஆண்டிலேயே ஏதாவது கோளாறு வந்துவிடுகிறது, இரண்டு ஆண்டில் பாதிப் பேருக்கு. இது மருத்துவரின் குறை அல்ல, ஷன்டின் இயல்பே அப்படி. உங்கள் முகாம் திட்டத்தை நான் ஏற்காததற்கு இதுவே முழுக் காரணம். முகாமில் வைத்த குழாய் இருபதாவது நாள் அடைபடும். குழந்தை வாந்தி எடுக்கும், தூங்கி வழியும். பக்கத்து மருத்துவர் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போடுவார். சிங்கப்பூர் மருத்துவர் சிங்கப்பூரில் இருப்பார். உள்ளூர்க் குழு நடு இரவில் தானே சரிசெய்ய முடியாத அறுவையை வெளியாள் வந்து செய்துவிட்டுப் போகக் கூடாது. அங்கே கத்தி பிடிக்க இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின்கீழ் தற்காலிகப் பதிவும் வேண்டும், சுற்றுலா விசாவில் போய் நடத்த முடியாது.

குடும்பத்தின் கையில் ஓர் அட்டை இருக்கட்டும். ஏடிஎம் அட்டை அளவு, தமிழில், பிளாஸ்டிக் உறையோடு. குழாய் எந்தப் பக்கம், அதில் எந்த வால்வு, வைத்தது எந்தத் தேதி. பின்பக்கம் இப்படி: "இந்தக் குழந்தையின் தலையில் நீர் வடிகுழாய் இருக்கிறது. வாந்தி, அதிகத் தூக்கம், வலிப்பு, குழாய் வழியே சிவப்பு, காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தால் குழாய்க் கோளாறாக இருக்கலாம். அன்றே நரம்பியல் அறுவைப் பிரிவுக்கு அனுப்பவும். ஸ்கேன் பார்க்காமல் முதுகில் நீர் எடுக்க வேண்டாம்." குழந்தை நன்றாக இருக்கும்போது எடுத்த ஸ்கேனைப் படமெடுத்து அம்மாவின் கைப்பேசியிலும் அந்தப் பொறுப்பாளரின் கைப்பேசியிலும் வைக்க வேண்டும். மூளை அறை விரிந்திருக்கிறதா என்று சொல்ல, பழைய அளவு தெரிய வேண்டும். சிலருக்கு நலமாக இருக்கும்போதே அறை பெரிதாகத்தான் இருக்கும்.

மீதிப் பணத்தில் தஞ்சாவூர்க் குழுவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் பயிற்சி கொடுக்க ஒதுக்குங்கள், ஆனால் அறுவை மருத்துவரை மட்டும் கூப்பிடாதீர்கள். இந்த அறுவைகள் தள்ளிப்போவது பல இடங்களில் கைக்குழந்தைக்கு மயக்கம் கொடுக்கத் துணிந்த ஆள் இல்லாததால். 5 கிலோ குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே 400 மில்லிலிட்டர். ஒரு சிறு டம்ளர் அளவு, 80 மில்லிலிட்டர் போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. நீர் கோத்த தலை உடம்பில் பெரும்பங்கு என்பதால் சூடு வேகமாக இறங்கும். அறையின் ஏர்கானை 25 டிகிரிக்கு ஏற்றி, கழுவும் திரவத்தையும் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அறைத் தாதி மூவரும் சேர்ந்து வந்து பார்த்தால்தான் திரும்பிப் போய் எதையாவது மாற்ற முடியும். எண்டோஸ்கோப்பைக் கெடுப்பது பெரும்பாலும் கழுவும் இடம். கிருமிநீக்கத் திரவத்தில் ஊறவைத்ததைச் சரியாக அலசாமல் மூளைக்குள் விட்டால் அந்த மிச்சமே திசுவை எரிக்கும். இதைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் தாதி.

சிங்கப்பூரில் குழந்தைகள் நரம்பியல் அறுவை முக்கியமாக கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் நடக்கிறது. இங்கே பதிவு இல்லாமல் பார்வையாளராக வருபவர் நோயாளியைத் தொட முடியாது, பார்க்க மட்டும்தான். ஆகவே இரண்டு வாரப் பார்வைக்குப் பிறகு, இங்குள்ள மருத்துவர் தஞ்சாவூருக்குப் போய் அங்குள்ள கருவியிலேயே, அவர்கள் செய்ய இவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பது நல்லது. பிறகு காணொளியில் தொடரலாம். அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து ஹோ சி மின் நகரின் இரண்டாம் எண் குழந்தைகள் மருத்துவமனைக்கு இப்படி நேரலையில் ஈடிவி கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், பன்னிரண்டு மணி நேர வித்தியாசத்தை வைத்துக்கொண்டு. நமக்குத் தஞ்சாவூர் இரண்டரை மணி நேரம்தான்.

ஃபோலிக் அமிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தலையிலும் நீர் கோக்கும். கரு உருவாகி 28 நாளுக்குள் முதுகுத்தண்டு மூடிவிடுகிறது. கர்ப்பம் தெரிந்த பிறகு கொடுக்கும் மாத்திரை இதற்குத் தாமதம். கல்யாணமான பெண் கர்ப்பத்துக்கு முந்தைய மாதங்களிலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். முன்பு ஒரு குழந்தைக்கு இது வந்திருந்தால் 4 மில்லிகிராம், மருத்துவர் சொல்லி. 1991ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அந்த அளவு, மறுபடி வருவதை 72 விழுக்காடு தடுத்தது. உங்கள் பொறுப்பாளர் சந்திக்கும் ஒவ்வொரு தாயிடமும் அடுத்த பிள்ளைக்கு முன் இதைச் சொல்ல வேண்டும்.

இனி பணம். சங்க உறுப்பினர்களுக்குள் திரட்டியதா, பொதுமக்களிடமும் திரட்டினீர்களா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும், முன்கூட்டியே. பொதுமக்களிடம் திரட்டினால் நிகரத் தொகையில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. உறுப்பினர்களிடம் தனிப்பட்ட முறையில் பெற்ற நன்கொடைக்கு விதிவிலக்குக் கேட்கலாம். இப்படி வெளிநாட்டுக்குப் போகும் நன்கொடைக்கு இங்கே பொதுவாக வரிக்கழிவு கிடையாது. உறுப்பினர்களுக்கு அப்படி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தியப் பக்கம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். பெறும் அமைப்பு உள்துறை அமைச்சின் பதிவோ முன் அனுமதியோ வைத்திருக்க வேண்டும். பணம் முதலில் புதுடில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றவர் இன்னோர் அமைப்புக்கு அதைப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எனவே பொறுப்பாளரை வேலைக்கு எடுக்கப் போகும் அமைப்பே நேரடியாகப் பெற வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும் ஆகும். சிங்கப்பூரில் பதிவான சங்கம் அனுப்பினாலும் ஆகும், உறுப்பினர் யாராக இருந்தாலும் சரி. ஊரில் இருக்கும் மச்சான் கணக்குக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வழி வேண்டாம், மாட்டிக்கொள்வது மச்சான்.

ஒரு தொகையாகக் கொடுக்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாகக் கொடுங்கள். முதல் தவணைக்கு முன் தஞ்சாவூர்த் துறைத் தலைவருக்கு, டீன் வழியாக, ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்: போன ஆண்டு ஒரு வயதுக்குட்பட்ட எத்தனை குழந்தைகளுக்குத் தலை நீருக்கு அறுவை நடந்தது, அறுவை அன்று அவர்களுக்கு எத்தனை மாதம், மூன்றாவது மாதப் பரிசோதனைக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், மயக்க மருந்து நிபுணரோ படுக்கையோ இல்லாமல் எத்தனை அறுவை தள்ளிப்போனது. பதில்களைப் பார்த்தால் பணத்தை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். அப்படிக் கணக்கு எதுவும் வைத்திருக்கவில்லை என்று பதில் வந்தால், உங்கள் பொறுப்பாளரின் முதல் மாத வேலை அந்தப் பதிவேட்டைத் தொடங்குவது.